காலாற் படிக்கும் சரித்திரம்

சென்ற தவணையில் ஒரு நாள், பண்டைக் காலத்து ஈழத் துறைமுகங்களைப் பற்றி வகுப்பிற் சொல்லிக்கொண்டிருந்தேன். மாந்தை, கோகர்ணம், ஊர்காவற்றுறை என்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின் வரிசையிலிருந்து சம்மாந்துறை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

“சேர், எங்கட ஊருக்கும் துறை என்றுதானே பேர்? கடல் எங்க?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அக்கேள்வி சிரித்துத் தள்ளத்தக்கதன்று. சம்மாந்துறைக்குக் கடல் இல்லை. காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறை வீதியால் மேற்கே சென்று, மாவடிப்பள்ளியைக் கடந்து, இருபுறமும் விரிந்து கிடக்கும் வயல்களின் நடுவே அவ்வூரை அடைகின்றோம். நாவாய் கட்டிய துறை என்று பெயர் சொல்லிக்கொண்டு நெல் வயலின் நடுவே ஓர் ஊர் நிற்பது விந்தையன்றோ?

எனக்குத் தெரிந்த விளக்கத்தைச் சொன்னேன். சம்பான் என்பது ஒருவகைப் படகு. சீன மொழியில் மூன்று பலகை எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்து, கீழ்த்திசைக் கடல்களெங்கும் பரவிய பெயர் அது. சம்பான்கள் வந்து தங்கிய துறை சம்பான்துறையாகிப் பின்னர் சம்மாந்துறையாயிற்று என்பது ஊர் வழக்கு. தென்னிலங்கையிலுள்ள அம்பாந்தோட்டைக்கும் இதே படகைக் கொண்டு பெயர்க் காரணம் கூறுவர். கொழும்புப் புறக்கோட்டையில், 1909ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட செந்நிறப் பள்ளிவாசலைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றே நம்மவர் அழைப்பர்.

மாணவன் உட்காரவில்லை. “அப்ப, அந்தப் படகெல்லாம் எந்த வழியால வந்த, சேர்?”

இதற்கு என்னிடம் விடை இல்லை. இருபது ஆண்டுக்கு மேலாக இப்பிரதேசத்திற் படிப்பிக்கின்றேன். பாண்டியரின் தலைநகரையும் பல்லவரின் துறைமுகத்தையும் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய நான், பஸ்ஸில் அரை மணி நேரத்தில் அடையக்கூடிய ஓர் ஊரின் பெயருக்குப் பொருள் காண முடியாமல் நின்றேன். அன்று மாலை என் மனம் அமைதி கொள்ளவில்லை.

வயல்வரம்பில் ஒரு வகுப்பு

அடுத்து வந்த ஞாயிறு அதிகாலை, அம்மாணவனும் வேறு சிலரும் நானுமாக வயல் வழியே நடந்தோம். சுபஹுத் தொழுகை முடித்து வந்திருந்த முதிய விவசாயி ஒருவர் வரம்பில் நின்று நீர் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றிற்று.

“காக்கா, முந்தி இந்தப் பக்கம் தோணி வந்ததென்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்றேன்.

“நான் தோணி காணல்ல, வாத்தியார். ஆனா தண்ணி போன வழியக் காணிக்காரன் மறக்கமாட்டான். மாரியில வந்து பாருங்க. ஆறு தன்ர பழைய பாதைய ஒவ்வொரு வருஷமும் ஒருக்காத் தேடிப் போகும்,” என்று சொல்லி, தாழ்ந்து கிடந்த ஒரு நீண்ட பள்ளத்தைக் கையாற் காட்டினார்.

அது துறைக்குச் சான்று ஆகாது. ஒரு முதியவரின் சுட்டுவிரலைக் கொண்டு சரித்திரம் எழுதிவிட முடியாது என்பதை மாணவர்களுக்கு அங்கேயே சொன்னேன். எனினும் ஒரு கேள்விக்கு முதற்படி கிடைத்துவிட்டது. வடிகால் வரைபடங்களிற் பள்ளத்தின் போக்கைப் பார்க்கலாம். பழைய நில அளவைப் படங்களுடன் ஒப்பிடலாம். மண்ணை அறிந்தவரை அழைத்துக் காட்டலாம். நான்கு சுவர்களுக்குள் பிறக்காத பாடம் அந்த வரம்பிற் பிறந்தது.

அன்று முதல், உலகில் வேறெங்காவது சாதாரண மக்கள் தம் ஊரை இவ்வாறு நடந்து படிக்கின்றார்களா என்று தேடலானேன். தேடியதிற் கண்டவற்றை இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நகரத்தின் மேல் ஒரு செங்கோடு

அமெரிக்காவிலே பொஸ்ரன் மாநகரில் 1951ஆம் ஆண்டு வில்லியம் ஸ்கோபீல்ட் என்னும் பத்திரிகையாளர் தம் பத்தியில் ஒரு யோசனையை எழுதினார். அமெரிக்க விடுதலைப் போராட்டத்துடன் தொடர்புடைய தேவாலயங்கள், மண்டபங்கள், இடுகாடுகள் எல்லாம் அந்நகரத்தில் ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தன. ஆனால் வெளியூரிலிருந்து வருவோர் அவற்றைக் காணாது, தெருத்தெருவாக அலைந்து திரும்பினர். அவற்றை ஒரே பாதையால் இணைத்தால் என்ன என்பதே அவர் யோசனை. நகர முதல்வர் அதனை ஏற்றுக்கொண்டார். இன்று சுமார் இரண்டரை மைல் நீளத்தில், பதினாறு இடங்களைக் கோத்தபடி, நடைபாதையிற் சிவப்புக் கோடும் செங்கல் வரிசையுமாக அப்பாதை செல்கின்றது. கோட்டின் மேலே நடப்பவன் வழி தவறுவதில்லை, சரித்திரமும் தவறுவதில்லை.

இதிலே கவனிக்கவேண்டியது யாதெனில், அப்பாதைக்காக எந்த மாளிகையும் புதிதாகக் கட்டப்படவில்லை என்பதே. இருந்தவை இருந்தபடியே இருந்தன. அவற்றுக்கிடையே ஒரு கோடு மட்டும் வரையப்பட்டது. தனித்தனியே கிடந்த மணிகளுக்கு நூல் கிடைத்தது.

சென்னையில் இத்தகைய ஆர்வத்தை வளர்த்தவருள் முதன்மையானவர் எஸ். முத்தையா. அவருக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1951 முதல் 1968வரை கொழும்பில் ‘ரைம்ஸ் ஒப் சிலோன்’ பத்திரிகையிற் பணியாற்றியவர் அவர். பின்னர் சென்னைக்குச் சென்று, அந்நகரத்தின் தெருக்களையும் கட்டடங்களையும் பற்றி ஓயாது எழுதினார். 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதியைச் சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டாடும் வழக்கத்தை 2004இல் அவரும் நண்பர்களும் தொடங்கினர். அரசாங்கம் கட்டளையிட்டு எழுந்த விழாவன்று அது. ஆண்டுதோறும் அந்நாட்களில் ஊரறிந்தவர் ஒருவர் முன்னே செல்ல, ஆவலுள்ளோர் பின்னே நடந்து, ஒவ்வொரு பேட்டையையும் காண்பது அங்கு வழக்கமாகிவிட்டது. முத்தையா 2019இல் மறைந்தார், நடைகள் நிற்கவில்லை.

ஆனைமலை அடிவாரத்தில்

ஆயினும் என் உள்ளத்தை மிகவும் ஈர்த்தது மதுரையில் நடந்துவரும் முயற்சியே.

மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடைக்கு அருகில், படுத்திருக்கும் யானையைப் போன்ற ஒரே கல்லாலான மலை ஒன்றுண்டு. அதன் அடிவாரத்திலுள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோவிலைப் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி குடைவித்தான். அவன் மறைந்தபின் தம்பி மாறன் எயினன் பணியை நிறைவு செய்தான். இவை கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டால் அறியப்படுபவை. மலையின் மேலே சமணத் துறவியர் தங்கிய குகைத்தளமும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ளன. சமணமும் வைணவமும் அருகருகே உறங்கும் மலை அது.

இம்மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் அமைக்கலாம் என்ற திட்டம் எழுந்தபோது, அடிவாரத்து ஊர்மக்கள் அதனை எதிர்த்தனர். அச்சூழலில், 2010ஆம் ஆண்டில், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் நண்பர்களுடன் சேர்ந்து ‘பசுமை நடை’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஒரு ஞாயிறு காலை மக்களை அழைத்துச் செல்வது. கல்வெட்டறிஞர் ஒருவர் கல்லின் அருகே நின்று அதனைப் படித்து விளக்குவது. எல்லோருமாக அமர்ந்து காலையுணவு கொண்டு திரும்புவது. இவ்வளவே நிகழ்ச்சி. தொல்லியலறிஞர்களான வெ. வேதாசலம், சொ. சாந்தலிங்கம் போன்றோர் தம் புலமையை மரத்தடியிற் பகிர்ந்தளித்தனர். குழந்தைகளைத் தோளிற் சுமந்த தந்தையரும், முதியோரும், மாணவரும் வந்தனர். பத்துப் பேரின் நடை நூற்றுக்கணக்கானோரின் நடையாயிற்று.

இதனால் விளைந்த பயன் என்ன என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு அரிட்டாபட்டி விடை கூறும்.

மதுரை மாவட்டத்திலுள்ள அச்சிற்றூரின் குன்றுகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் சிற்பமும், முற்காலப் பாண்டியர் குடைவித்த சிவன் கோவிலும் உள்ளன. அண்டையிலுள்ள மீனாட்சிபுரத்துக் குன்றிலே, மாங்குளம் கல்வெட்டுகள் என அறிஞர் வழங்கும் பழமையான எழுத்துகள் நெடுஞ்செழியன் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 2022 நவம்பரில் இவ்விரு ஊர்களின் பகுதிகளும் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. இரண்டாண்டு கழிந்து, 2024 நவம்பரில், இப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் என்னும் கனிமத்தை அகழும் உரிமை ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. ஊர்கள் கொதித்தெழுந்தன. கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரையை நோக்கி நடந்தனர். அம்மாதம் 23ஆம் தேதி இந்திய மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது.

இவ்வெற்றி ஊர்மக்களுடையது. வயலையும் சுனையையும் காக்க அவர்கள் நடத்திய போராட்டம் அது. ஆனால் அவர்கள் எடுத்துக்காட்டிய நியாயங்களுள் வயலும் சுனையும் மட்டுமன்றிக் கல்லெழுத்தும் இருந்தது. தம் குன்றிலே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான எழுத்து உண்டு என்பதை ஓர் ஊர் அறிந்திருந்தால், அக்குன்றுக்கு விலை பேச வருபவன் சற்றுத் தயங்குவான். அறியாதிருந்தால், அது வெறுங் கல்லாகவே எடைபோடப்படும். நடந்து சென்று கண்டவர்களின் கண்கள் அக்கல்லுக்குக் காவலாயின.

நமக்குக் குன்று இல்லை

“அவர்களுக்குக் குன்றும் குகையும் உண்டு, நமக்கு என்ன உண்டு?” என்று என் மாணவர் கேட்டனர். காரைதீவுக் கடற்கரையில் தொடங்கி, சம்மாந்துறை வழியாக வீரமுனைவரை ஒரு நடையை மனத்தில் வகுத்துப் பார்ப்போம். நேரே நடந்தால் ஒரு காலைப்பொழுது போதும். நின்று கேட்டு நடந்தால் ஒரு நாள் வேண்டும்.

முதல் நிறுத்தம் காரைதீவு. கண்ணகியம்மன் கோவில் விளங்கும் ஊர். 1892இல் இவ்வூரிற் பிறந்த மயில்வாகனமே பின்னர் சுவாமி விபுலாநந்தராக உலகறிய விளங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர். மறைந்துபோன யாழ் என்னும் இசைக்கருவியின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். அவர் நினைவாக இங்கே மணிமண்டபம் உண்டு. இங்கே நிற்கும் மாணவன், பேரறிஞர் எல்லோரும் தொலைவிலேயே பிறப்பர் என்னும் எண்ணத்தை விட்டு நடப்பான்.

இரண்டாவது நிறுத்தம் மாவடிப்பள்ளி. இங்கே நீரைப் பற்றிப் பேசவேண்டும். 2024 நவம்பர் 26ஆம் தேதி, பெருவெள்ளத்தில் இவ்விடத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டு, அதிற் பயணம் செய்த மத்ரசா மாணவர் பலர் உயிரிழந்தனர். வீடு நோக்கிப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். பழைய கட்டடங்களை மட்டும் காட்டுவது ஊர் நடையாகாது. ஆறு எங்கே அகலும், எந்தப் பள்ளம் எப்போது நிரம்பும், எப்பாதை மாரியிற் பாதையன்று என்பதும் மூத்தோர் விட்டுச் செல்லவேண்டிய செல்வமே. வரம்பில் நின்ற முதியவர் எங்களுக்குச் சொன்னது துறையின் சரித்திரம் மட்டுமன்று. அது ஓர் எச்சரிக்கையுமாகும் என்பதை நான் பின்னரே உணர்ந்தேன்.

மூன்றாவது நிறுத்தம் வயல்வெளி. பட்டிப்பளை ஆறு என்று நம்மவர் வழங்கிய ஆற்றை மறித்து, இங்கினியாகலையில் 1949 முதல் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. அதற்கு முன் ஆற்றை நம்பியிருந்த வயல்கள் பின்னர் வாய்க்காலை நம்பலாயின. இவ்வயல்களுக்கென்றே ஒரு சொல்வளம் உண்டு. வயற்பரப்பை வட்டை என்பர், நீர் முறையைக் கவனிப்பவர் வட்டவிதானை, நிலமுடையவர் போடியார், வேலையாட்களுக்குத் தலைவன் முல்லைக்காரன். கதிரை அடுக்கிய குவியல் சூடு. களத்திற் குவியும் நெல்லைப் பெயர் சொல்லாது பொலி என்பர். இப்போது இயந்திரம் வயலிலேயே கதிரறுத்து நெல்லைச் சாக்கில் இட்டுவிடுகின்றது. உடல் நோவு குறைந்தது நன்மையே. ஆனால் சூடு இல்லாத இடத்திற் சூடு என்னும் சொல் எத்தனை நாள் வாழும்? என் வகுப்பில் முல்லைக்காரன் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, “முல்லைப் பூ விற்கிறவர்” என்றான் ஒருவன். போடியார் பரம்பரையில் வந்த பிள்ளை அவன்!

நான்காவது நிறுத்தம் சம்மாந்துறை நகரம். இங்கே பள்ளிவாசல் முற்றத்தில் நின்று குடிவழியைப் பற்றிப் பேசவேண்டும். நம் கரையோரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் குடி என்னும் பிரிவைத் தாய்வழியாகவே கொள்கின்றனர். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதும் இரு சமூகத்தார்க்கும் பொது. கோவிலிற் குடிக்கொருவராக நின்று கருமம் பார்த்தவர் வண்ணக்கர். பள்ளிவாசலில் அவ்வாறு நின்றவர் மரைக்காயர். தொழும் முறை வேறு. இல்லறம் கட்டிய முறை ஒன்று. இச்செய்தியை ஆராய அமெரிக்காவிலிருந்து மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். அவருடைய பெருநூல் 2008இல் வெளியாயிற்று. நம் வீட்டு முற்றத்திலுள்ள செய்தியை அறிய நம் பிள்ளைகள் அடுத்த தெருவுக்கும் செல்வதில்லை.

ஐந்தாவது நிறுத்தம் வீரமுனை. சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோவில் இங்கே உள்ளது. சீர்பாததேவி என்னும் அரசி கடல்வழி வந்த கலம் நடுவழியில் நின்றதாகவும், விநாயகர் அருளால் அது மீண்டும் ஓடி இவ்விடத்தை அடைந்ததாகவும் மரபுக் கதை கூறுகின்றது. வாசகர்களே, கவனித்தீர்களா? வீரமுனைக் கோவிற் கதையிலும் கலம் வருகின்றது. சம்மாந்துறையின் பெயரிலும் கலம் வருகின்றது. இந்துக்களின் புராண மரபும் முஸ்லிம்களின் ஊர் வழக்கும் ஒரே நீரை நோக்கிக் கை நீட்டுகின்றன. இரண்டும் தனித்தனியே கதைகள். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஆராயத்தக்க ஒரு வினா. ஆனால் சேர்த்து வைக்க, இரு ஊராரும் ஒரே பாதையில் நடக்கவேண்டும்.

நடக்கத் தயங்கும் இடம்

இங்கேதான் கால் தயங்குகின்றது. அதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

1990 ஆகஸ்டில், இதே வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். அதே மாதம் 3ஆம் தேதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒரு மாதத்தில் இரு சமூகத்துக் கண்ணீரும் பெருகிற்று. நான் அப்போது சிறுவன். பகலில் அடுத்த ஊருக்குச் சைக்கிளிற் சென்று வந்த எங்கள் வீட்டார், அதன்பின் அந்தப் பாதையைச் சுற்றிப் போகத் தொடங்கினர். சுற்றுப்பாதை எங்கள் பழக்கமாகிவிட்டது. போர் 2009இல் முடிந்தது. சுற்றுப்பாதை எளிதில் முடியவில்லை.

ஊர் நடை ஒன்று இக்காயத்தை ஆற்றிவிடும் என்று நான் சொல்லத் துணியேன். நீதியின் இடத்தை நடை பிடிக்க முடியாது. ஆனால் ஒருவரையொருவர் அறியாமை பகைக்கு நல்ல எரு. வீரமுனைக் கோவில் வீதியில் ஒரு முஸ்லிம் மாணவனும், சம்மாந்துறைப் பள்ளி முற்றத்தில் ஓர் இந்து மாணவியும் ஒரே துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாயின், அவர்களுக்கு அடுத்த முறை அந்தப் பாதை அந்நியமாய் இராது.

இப்பிரதேசத்தில் ஒன்று கலந்த வழக்கங்கள் இன்றும் உயிருடன் உள்ளன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகை நினைவாகக் கொடியேறுகின்றது. நாகூரில் அடங்கிய மகானுக்குக் கடலுக்கு இப்பாலும் ஒரு கொடிமரம்! பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோவிலிற் பாரதக் கதை தீமிதிப்பாக நிகழ்கின்றது. மருதமுனையிற் கைத்தறி ஒலிக்கின்றது. நாளை கல்முனைப் பக்கம் ஒரு நடை வகுத்தால், அரை நாளிற் கொடிமரமும் தீக்குழியும் தறியும் காணலாம்.

எழுதாதவரின் சரித்திரம்

இதனை ஒரு பொழுதுபோக்காக மட்டும் கருதுவோர்க்கு ஒன்று சொல்வேன். கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபைக் கையாளவென்று 2020 ஜூனில் அந்நாளைய ஜனாதிபதி ஒரு செயலணியை அமைத்தார். முதலில் நியமிக்கப்பட்டோருள் தமிழரும் இல்லை; முஸ்லிமும் இல்லை. கண்டனங்கள் எழுந்தன; எழவேண்டியவையே. ஆனால் கண்டனம் எழுதிய கையோடு நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டாமா? அத்தகைய சபை ஒன்றிலே நம்மில் ஒருவர் அமர்ந்திருந்தால், நம் ஊரைப் பற்றி எந்த ஏட்டை அவர் எடுத்துக்காட்டியிருப்பார்?

சட்டத்தையும் நாம் அறிந்திருக்கவேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்டவற்றையே தொன்மையென முதன்மையாகக் கருதுகின்றது. அதற்குப் பிந்திய பள்ளிவாசலோ, கோவிலோ, போடியார் வீடோ தனியே அறிவிக்கப்பட்டாலன்றித் தானாகக் காப்புப் பெறுவதில்லை. இடித்துக் கட்டுவதைத் தடுப்பார் இல்லை. ஆகவே அவற்றைப் படமெடுத்து, அளந்து, எழுதி வைப்பது ஊராரின் கடமையாகின்றது.

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில், இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுடன் வீட்டுப் பெட்டிகளிலிருந்த திருமணப் பதிவுகளும், காணி உறுதிகளும், கையெழுத்துப் பிரதிகளும், படங்களும் போயின. அவற்றினும் மேலாக, மூத்தோர் நெஞ்சிலிருந்த கதைகள் போயின. நெஞ்சிலிருப்பதை ஏட்டில் ஏற்றாத ஊர் ஒரே அலையில் இரு முறை அழிகின்றது.

எவ்வாறு தொடங்குவது?

செலவு பெரிதன்று. பத்துப் பேர் போதும். அவருள் இரு சமூகத்தாரும், பெண்களும் இருத்தல் வேண்டும். அடுப்படியிலும் தொட்டிலருகிலும் வாழும் கதைகளையும் பாட்டுகளையும் மூத்தம்மாவும் அம்மம்மாவும் ஆண்களிடம் முழுவதும் சொல்லமாட்டார்கள்.

முதலில் இரண்டு மைலுக்கு மேற்படாத பாதையொன்றைத் தேர்க. ஏழு அல்லது எட்டு நிறுத்தம் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று சாட்சி தேடுக: மூத்தோர் சொல் ஒன்று, எழுத்து ஆதாரம் ஒன்று, கண்ணாற் காணும் பொருள் ஒன்று. மூன்றும் இசைந்தால் உறுதியாகச் சொல்லுக. ஒன்றே இருந்தால், “இஃது ஊர் வழக்கு” என்று சொல்லுக. ஊர்ப்பெருமையைக் கூட்டுவதற்காக ஒரு நூற்றாண்டைக் கூட்டிச் சொல்லுதல் நம்மவரிடம் பரவலான நோய். அதற்கு இடங்கொடாதீர். ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது மெய்யும் மதிப்பிழக்கும்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளரிடமும் கோவில் வண்ணக்கரிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுக. தொழுகை வேளையும் பூசை வேளையும் அறிந்து நேரம் வகுக்க. எதையும் தோண்டாதீர், உரிமப் பத்திரமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுதல் குற்றம். தற்செயலாக ஏதேனும் வெளிப்பட்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் கடமை. தனியார் வீட்டு வாசலில் நின்று விரல் நீட்டிப் பேசாதீர். வீட்டுக்காரரையே பேச அழையுங்கள். சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கின்றது. நிலத்தையும் நீரையும் பற்றி எழும் வினாக்களை அங்குள்ள அறிஞரிடம் கொண்டு செல்லலாம்.

நடை முடிந்ததும் எல்லோருமாக அமர்ந்து உண்ணுங்கள். மதுரைக்காரரிடம் நாம் கற்கவேண்டியது இதுவே. ஒருங்கு நடந்தவர் ஒருங்கு உண்ணும்போதுதான், வழியிற் சொல்லாத கதையொன்றை யாரேனும் சொல்வார். அன்று மாலையே அதனை எழுதி வைத்துவிடுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிறு காலை ரியூசன் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பாவிட்டால் வாழ்வே தவறிவிடும் என்று அஞ்சுகின்றீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றைத் தாருங்கள். சோதனைத் தாளில் வாராத கேள்விகள் சில வாழ்க்கையில் வருகின்றன. நீ யார், எவ்வூர், அவ்வூர் எவ்வாறு உண்டாயிற்று என்பவை அவற்றுள் முதன்மையானவை.

அம்மாணவனின் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. துறை எங்கே இருந்தது என்பதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சென்ற மாதம் அவன் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அவனுடைய தெருவிலுள்ள முதியோர் பதினொருவரிடம், வெள்ளம் எவ்வழி வந்து எவ்வழி வடிந்தது என்று கேட்டு எழுதியிருந்தான். அருகே பென்சிலால் ஒரு படம். கடைசி இரு பக்கங்களில் இருந்தது மட்டும் வேறு கையெழுத்து. “இது யாருடையது?” என்றேன்.

“வீரமுனையில என்ர சிநேகிதன்ர, சேர். அந்தப் பக்கத்து ஆக்களிட்ட அவன் கேட்டு எழுதினவன்.”

இருவர் வரைந்த கோடுகளும் அப்படத்தில் ஓரிடத்திற் சந்தித்தன. அவ்விடத்தில் ஒரு கேள்விக்குறி இடப்பட்டிருந்தது. மாரி ஓய்ந்ததும் அங்கே நடந்துபோய்ப் பார்க்கவிருக்கின்றோம்.